வெளுக்காத பாதி

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டும் பூவராகவன் தன் ஒரே மகள் யாமினியை ஐந்து வயதில் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தார். வீட்டில் தமிழ், தெருவில் பாதிக்குப் பாதி, பள்ளியில் முழுக்கத் தெலுங்கு. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கூடப் படித்த பெண்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 'நல்ல பில்ல' என்று கூப்பிட்டார்கள். யாமினி அன்று சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் தறிக்கொட்டகைக்குள் ஓடி, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி, பள்ளியில் எல்லாரும் தன்னை நல்ல புள்ள என்று சொல்வதாக அப்பாவிடம் சொன்னாள். பூவராகவனுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டே, "ஆமாம்மா, நீ நல்ல புள்ளதான்" என்றார்.

அடுத்த வருஷம் வகுப்பில் நிறங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் கரும்பலகையைத் தொட்டு 'நலுப்பு' என்று சொன்னதும் முன்பெஞ்சு முழுக்கத் திரும்பி யாமினியைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் கறுப்பு என்பதில் அவளுக்குப் பெரிய துக்கம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தோமே, பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொன்னோமே என்பதுதான் காதுவரை சுட்டது. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் யார் கூப்பிட்டாலும் உடனே திரும்புவதில்லை.

அம்மா ருக்மணி ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலை மாவைத் தயிரில் குழைத்துப் பூசினாள். வெயிலில் போகாதே என்றாள். புத்தூரில் பி.காம். முடிக்கும்வரை யாமினி குடை இல்லாமல் ரயிலடிக்குப் போனதில்லை. பிறகு கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்தாள். காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நாகையா என்பவர் நடத்திய ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. தங்குவதற்குப் பெண்கள் விடுதியில் ஓர் அறை.

திருப்பதியில் கல்யாணத்துக்குக் குறைவேது? நாகையாவின் ஸ்டூடியோவுக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை மணப்பெண்களின் படங்கள். பருவை எடுக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுக்க வேண்டும், கடைசியில் கலர் ஏற்றி முகத்தை வெளுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு யாரும் கேட்பதில்லை. 'அவன் ஆம்பளை, எப்படி இருந்தா என்ன' என்று விட்டுவிடுவார்கள். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள்தான் ஆல்பத்துக்குப் படம் கொடுக்க வரும்போது நாகையாவை விட்டுவிட்டு யாமினியின் மேஜைப் பக்கம் ஒதுங்குவார்கள். பெண்ணுக்குப் பெண் என்ற நம்பிக்கை. குனிந்து காதோடு சொல்வார்கள். சொல்லும்போது யாராவது கேட்டுவிட்டார்களா என்று ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்ப்பார்கள். யாமினி தலையை ஆட்டுவாள். இரண்டு வருஷத்தில் அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று நாகையாவே சொல்ல ஆரம்பித்தார்.

அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது ஜாதகத்தோடு அனுப்ப வேண்டிய படத்தை அவளே எடுத்து, அவளே திருத்தினாள். படம் நன்றாக வந்தது. சூளூர்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அது பிடித்துப்போய், கார் வைத்துக்கொண்டு நகரிக்கு வந்தார்கள். யாமினி காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அத்தை போனை எடுத்தாள், படத்தைத் திறந்தாள், கையை நீட்டி யாமினியின் முகத்துக்குப் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

பூவராகவன்தான் வாயைத் திறந்தார். "டியூப் லைட் சரியில்லீங்க. ரெண்டு நாளா மினுக்கிக்கினு இருக்குது" என்றார். பகல் பதினோரு மணி. வாசல் கதவு திறந்திருந்தது. வீடு முழுக்க வெளிச்சம். அத்தை நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். விளக்கு எரியவேயில்லை.

அவர்கள் மரியாதையாகத்தான் கிளம்பிப் போனார்கள். யாமினிக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. தன் வாழ்நாளில் மொத்தமாகவே குறைவாகப் பேசுகிற அப்பா, மகள் படத்தில் செய்த வேலையை மறைக்க வந்தவர்கள் முன்னால் அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றதை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் ரயிலுக்கே திருப்பதிக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வாரம்தான் அவள் முதன்முதலாக வெட்டி ஒட்டினாள். ஜாதகத்தோடு அனுப்பிய தன் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, முகப்பூச்சு அட்டைப்பெட்டிமேல் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். அது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. ஆனால் வெட்டும்போது நெஞ்சில் ஏதோ இளகியது. அந்த வேலையை விட மனசு வரவில்லை.

ஸ்டூடியோவில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மணப்பெண்ணின் படத்தையும் திருத்துவதற்கு முன்பு ஒன்று, திருத்திய பின்பு ஒன்று என்று சின்ன அளவில் அச்சடித்து வீட்டாருக்குக் காட்டுவார்கள். அவர்கள் சரி என்றதும் இரண்டும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். யாமினி அவற்றை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். நாகையா பார்த்தார், குப்பைதானே என்று விட்டுவிட்டார். அவள் ஒவ்வொரு முகத்தையும் நடுநெற்றியிலிருந்து தாடைவரை நேராக வெட்டினாள். இடது பாதி கேமரா எடுத்தது, வலது பாதி அவள் வெளுத்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டி, நடுவில் அப்பாவின் தறியிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலை வைத்து ஒட்டுவாள். அடி வரிசையில் மாப்பிள்ளைகளின் கோட்டுகளை மட்டும் தலையில்லாமல் ஒட்டினாள். சுற்றிலும் பேப்பரில் வந்த வரன் விளம்பரங்கள், தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம். ஆளுயரத்துக்கு ஒரு தடித்த அட்டை நிறைந்தது. கடையில் அந்த வேலையை எப்படிச் சொல்வார்களோ அதையே பெயராக வைத்தாள்: கலர் கரெக்ஷன்.

அந்த அட்டையின் நடுவில் இருந்தது துர்காதேவியின் முகம். புத்தூர்ப் பக்கத்துப் பெண். பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. மற்ற பெண்களுக்கு அம்மாக்கள் வந்து சொன்னார்கள். இவள் மட்டும் தானே வந்தாள். யாமினியின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் வளையலைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, மூஞ்ச மட்டும் பண்ணாதீங்க. கையயும் சேத்துப் பண்ணுங்க. கை காட்டிக் குடுத்துடும்" என்றாள். யாமினி சிரித்துக்கொண்டே சரி என்றாள். அன்று இரவு விடுதியில் அதை நினைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. நடுவில் வைக்க வேறு முகமே தோன்றவில்லை.

ஸ்டூடியோவுக்குப் பேனர் அடிக்க வந்தவர் ஜெபகுமார். சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர், யாமினியின் வயதுதான் இருக்கும். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சமுதாயக் கூடத்தில் கண்காட்சி வைப்பார். பேச்சுவாக்கில் யாமினி தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த மாதிரி ஒன்று நம் பக்கத்தில் யாரும் செய்யவில்லை, இதைக் கட்டிலடியில் வைத்திருப்பது பாவம் என்றார். அவர் சொல்லச் சொல்ல யாமினிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. யாரும் அவளை அப்படிப் பாராட்டியதில்லை. அந்தப் பெண்களைக் கேட்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பேர் போடவில்லை, ஊர் போடவில்லை, சித்தூரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

கண்காட்சியில் கூட்டம் அந்த அட்டைக்கு முன்னால்தான் நின்றது. கல்லூரிப் பெண்கள் அதன் முன்னால் நின்று தங்கள் முகத்தில் பாதியைக் கையால் மறைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தெலுங்குப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது, யாமினியின் படத்தோடு. நிறம், பெண், அடையாளம் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஐதராபாத்தில் ஒரு கேலரியிலிருந்து ஜெபகுமாருக்குப் போன் வந்தது, அந்த அட்டையை அங்கே வைக்க முடியுமா என்று. பூவராகவன் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தறிக்காரத் தெரு முழுக்கக் காட்டினாராம். ருக்மணி போனில் சொன்னாள்.

கண்காட்சி தொடங்கிய நாலாம் நாள் துர்காதேவி ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

மதிய நேரம். நாகையா சாப்பிடப் போயிருந்தார். துர்காதேவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "அக்கா, என்னத் தெரியுதா?" என்று கேட்டாள். தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த முகத்தைப் பாதியாக வெட்டி ஒட்டுவதற்கு யாமினி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். துர்காதேவி சண்டை போடவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

கண்காட்சியில் யாரோ எடுத்த வீடியோ கை மாறிக் கை மாறி அவள் நாத்தனாரின் போனுக்கு வந்திருக்கிறது. நாத்தனார் அதைக் கூடத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். மாமியார் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து, மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எது நிஜம் எது பொய் என்று பார்த்திருக்கிறாள். யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். மண்டியிலிருந்து சாப்பிட வந்த புருஷனும் எட்டிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கை கழுவப் போய்விட்டான்.

அப்படிச் சிரிக்கிறவர்களுக்கு எதிராகத்தான் அந்தப் படத்தைச் செய்தேன் என்று யாமினி தொடங்கினாள். உன்னைக் கேலி செய்யவில்லை, இந்த ஊர் பெண்களை என்ன பாடுபடுத்துகிறது என்று காட்டத்தான், என்றாள். பேப்பரில் வந்ததைத்தான் ஒப்பிக்கிறோம் என்று பாதியிலேயே அவளுக்குத் தெரிந்தது.

துர்காதேவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் கறுப்புன்னு அவங்களுக்குத் தெரியாதா அக்கா? ரெண்டு வருசமா தெனம் பாத்துக்கினுதான இருக்காங்க. அதுக்கு நான் வெக்கப்பட்டுக்கினு இருந்தேன்னு அவங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் இன்னமும் அக்கா என்றே கூப்பிட்டாள். திட்டியிருந்தால் யாமினிக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். படியின் மூலையில் கிடந்த பழைய சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சூளூர்பேட்டை அத்தை நீட்டிய கை நினைவுக்கு வந்தது. அந்தக் கை அன்று ஒரு வீட்டுக் கூடத்துக்குள்தான் நீண்டது. தன் கை ஊருக்கே நீட்டிக் காட்டியிருக்கிறது.

"இப்பவே எடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள். நாகையாவுக்குப் போன் செய்து அவசரமாக வெளியே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, இருவரும் சித்தூர் பஸ் ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. சந்திரகிரி தாண்டியது, பூதலப்பட்டு தாண்டியது. துர்காதேவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு யாமினியிடம் நீட்டினாள். யாமினி வாங்கிக் குடித்தாள். குடித்த பிறகு அதற்கும் கூசினாள்.

கூடத்தில் கண்காட்சி இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஜெபகுமார் விஷயத்தைக் கேட்டுப் பதறினார். துர்காதேவியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் முழுசாக எடுக்க வேண்டுமா என்று தயங்கினார். ஐதராபாத்காரர்கள் நாளை நேரில் பார்க்க வருகிறார்கள், அந்த ஒரு முகத்தை மட்டும் மறைத்துவிடலாம், அளவாகக் கறுப்புக் காகிதம் வெட்டி ஒட்டினால் போதும் என்றார்.

"கறுப்புக் காயிதமா சார் ஒட்டுவீங்க?" என்று துர்காதேவி கேட்டாள்.

ஜெபகுமார் ஒதுங்கி வழிவிட்டார். யாமினி சுவரிலிருந்து அட்டையைத் தானே கழற்றி, பின்பக்க அறைக்குக் கொண்டுபோய்த் தரையில் படுக்கவைத்தாள். முகத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. பசையை அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாள். இழுத்தால் கன்னம் கிழிந்துவிடும்போல் இருந்தது. கடைசியில் வெட்டுக்கத்தியால் அட்டையோடு சேர்த்துச் சதுரமாக அறுத்தாள். அவள் அறுக்கும்போது துர்காதேவி எதிரே குந்தி உட்கார்ந்து மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களயெல்லாம் கேட்டீங்களா?"

"இல்ல."

"உங்களது எங்க அக்கா இதுல?"

யாமினி கத்தியை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். இல்லை என்று சொல்லலாம். அது துர்காதேவிக்கே தெரிகிறது. கண்காட்சிக்கு வந்த இத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அறுத்தெடுத்த துண்டை நீட்டினாள். துர்காதேவி அதைப் பார்க்காமல் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பஸ் நிலையம்வரை யாமினி கூடப் போனாள். வீட்டுக்கு வந்து உன் மாமியாரிடம் நானே பேசட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வந்தால் இன்னொருமுறை ஆல்பத்தை எடுப்பார்கள் என்று துர்காதேவி சொல்லிவிட்டாள். பங்காருபாளையம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை ஆட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அந்த அட்டையைச் சணல் கயிற்றால் கட்டி, நடுவில் ஓட்டையோடு யாமினி திருப்பதிக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் அது யாருக்கும் தெரியாமல் இருக்க முகப்பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அதனால் திரும்பும் வழியெல்லாம் அத்தனை பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாகையாவிடம் மறுநாள் அவளே சொன்னாள். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட அது மேல் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "வாள்ளு நீ செவிலோ செப்பாரம்மா" என்றார். அவர்கள் உன் காதில் சொன்னதம்மா அது. இதையே அவர் கோபமாகச் சொல்லியிருக்கலாம். அந்த வாரத்திலிருந்து கல்யாண ஆல்பங்கள் அவள் மேஜைக்கு வரவில்லை. வாசலோரம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் இடத்தில் அவளை உட்காரவைத்தார். குப்பைக்கூடையில் போகும் படங்களை அவரே கிழித்துப் போட ஆரம்பித்தார். கிழிக்கும் சத்தம் அவள் இருக்கும் இடத்துக்குக் கேட்கும்.

மற்ற பெண்களுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். முதலில் கூப்பிட்ட பெண், அதில் நான் கறுப்பாத் தெரியறேனா என்று மட்டும் கேட்டாள். பாதி என்றதும் போனை வைத்துவிட்டாள். இன்னொரு எண்ணை ஓர் ஆண் எடுத்தார். யார், என்ன விஷயம், எந்தப் படம் என்று குடைந்தார். யாமினி தவறான எண் என்று சொல்லித் துண்டித்தாள். இன்னொரு பெண், அந்தக் கல்யாணமே முறிஞ்சுபோச்சு, எரிச்சுடுங்க என்று சொன்னாள். அதற்குமேல் கூப்பிட யாமினிக்குத் துணிவு வரவில்லை. இப்படிச் சொல்வதே அவர்களுக்கு இன்னொரு துன்பம் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். அது முழு உண்மை இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, முகங்களைக் கூழாகும்வரை கையாலேயே பிசைந்து கரைத்தாள். விரலிடுக்கில் சாயம் ஏறியது.

ஐதராபாத்துக்கு வரவில்லை என்று ஜெபகுமாரிடம் சொல்லிவிட்டாள். நகரிக்குப் போனபோது அப்பாவிடமும் நடந்ததைச் சொன்னாள். பூவராகவன் கேட்டுக்கொண்டே பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொண்ணு இப்ப நல்லாருக்குதா என்று கேட்டார். தெரியாது என்றாள். அன்று மாலை தெருவில் ஒருவர் வண்டியை நிறுத்தி, உன் மகள் எப்போது ஐதராபாத் போகிறாள் என்று கேட்டதற்கு, "அது தள்ளிப்போய்க்கினே இருக்குது" என்று அவர் சொல்வது உள்ளே இருந்த யாமினிக்குக் கேட்டது. அவளுக்காக அவர் இன்னொரு பொய் சொல்லும்படி ஆகிவிட்டது.

பல மாதங்கள் அவள் கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஆனால் துர்காதேவி கேட்ட கேள்வி மட்டும் பாஸ்போர்ட் கேமராவுக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து உட்காரும்போதெல்லாம் கிளம்பியது. ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் தன் படங்களைத் தேடினாள். கடையின் அடையாள அட்டைக்கு எடுத்தது, வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்தது, தோழி கல்யாணத்தில் எடுத்தது, பத்திரிகைக்கு அனுப்பியது. எல்லாவற்றையும் அவள் திருத்தியிருந்தாள். எப்போது செய்தோம் என்றே நினைவில்லாதவற்றையும் திருத்தியிருந்தாள். நிறத்தைப் பற்றி அவள் செய்த படத்துக்காகப் பத்திரிகை வெளியிட்ட அவள் முகமும் வெளுத்த முகம்தான். அவள் திரையை அணைத்துவிட்டு, யாரோ பின்னால் நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

நாகையாவிடம் போய்த் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார். அச்சடித்துக் கொடுத்தபோது யாமினிக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பழக்க தோஷத்தில், பிரியத்தோடுதான், அவர் இரண்டு படி கலர் ஏற்றியிருந்தார். "சார், அப்படியே குடுங்க" என்றாள். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, எடுத்ததை எடுத்தபடி அச்சடித்துக் கொடுத்தார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் மனசு விடுதலையானது என்று சொல்லத்தான் யாமினிக்கும் ஆசை. அப்படி நடக்கவில்லை. முதலில் அது பிடிக்கவில்லை. மூக்கோரம் கறுத்திருந்தது, நெற்றியின் இரு பக்கமும் கறுத்திருந்தன. விரல் தானாக மவுஸைத் தேடியது. அதைக் கண்டு வெட்கப்பட்டு, படத்தைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போய்ச் சுவரில் ஒட்டினாள். தினம் பார்த்தாள். சில நாள் பரவாயில்லை என்று இருந்தது, சில நாள் கழற்றிவிடலாமா என்று இருந்தது. கழற்றவில்லை. பிறகு அதை வெட்டி, தன் பழைய படங்களின் வெளுத்த பாதிகளைச் சுற்றி ஒட்டி, ஒரு சின்னப் படம் செய்தாள். அதில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. அடுத்த வருஷம் ஜெபகுமார் கேட்டபோது கொடுத்தாள். அதற்கு முன்னால் அதைப் போனில் எடுத்துத் துர்காதேவிக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைப் பேராசைதான் என்று யாமினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கண்காட்சியில் அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் பெரிதாக யாரும் நிற்கவில்லை. பேப்பர்காரர்கள் வரவில்லை. பூவராகவனும் ருக்மணியும் வந்தார்கள். பூவராகவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே காற்றாட நின்றார். ருக்மணி மட்டும் அங்கேயே நின்றாள். மகளுடைய கறுத்த பாதியில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் போனில், "என்னய ஒண்ணு எடுத்து ஒட்டறியா?" என்று கேட்டாள்.

யாமினி கடையின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு நகரிக்குப் போனாள். தறிக்கொட்டகை வாசலில் நாற்காலி போட்டாள். ருக்மணி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள், பிறகு உள்ளே போனாள், வெகுநேரம் வரவில்லை. யாமினி எட்டிப் பார்த்தாள். அம்மா கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் நிற்பதைப் பார்த்ததும் கை நின்றது.

"தொடச்சிடட்டா?" என்றாள்.

துடைக்கச் சொன்னால் துடைத்துவிடுவாள். துடைத்த முகம்தான் படத்துக்குப் பொருந்தும் என்று யாமினிக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை நின்றிருந்தது, கழுத்துக்கு மேல் கோடு போட்டதுபோல் பிரிந்திருந்தது.

"உன் இஷ்டம்மா" என்றாள்.

ருக்மணி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பவுடரைத் துடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். யாமினி கேமராவைக் கண்ணில் வைத்தாள். பவுடர் முடிகிற கழுத்துக் கோடு சட்டத்துக்குள் விழுந்தது. அவள் ஓரடி முன்னால் வந்து, அது தெரியாதபடி முகத்தை மட்டும் வைத்து எடுத்தாள்.